உணர்ச்சிகளைக் கையாள வகுப்பறையில் பயன்படும் பயிற்சிகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவி ஒருத்தி சில வாரங்களாக மதியம் டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவிடுகிறாள். கேட்டால் சிரித்தபடி "ஒன்றுமில்லை டீச்சர்" என்கிறாள். மதிப்பெண் குறைந்த விடைத்தாளை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள். பெற்றோரிடம் பேசிவிட்டேன், மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடாகிவிட்டது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐயும் கொடுத்திருக்கிறேன்.

என் கேள்வி வகுப்பு முழுவதற்கும். உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்குவதும், நடந்ததையே மனத்துக்குள் அசைபோடுவதும் வளரிளம் பருவ மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்படுகின்றன. நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கப் பழகிய பிள்ளைகளிடம் சோர்வு பொதுவாகக் குறைவு. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல; சோர்வே அடக்கும் பழக்கத்தை வளர்க்கவும் கூடும். ஆனாலும் நாம் "அழாதே, அடக்கிக்கொள்" என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம்? அதுதான் எனக்குப் பெரும் கவலை.

உணர்ச்சிகளை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்று அளக்கும், உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் உணர்ச்சி ஒழுங்குமுறை வினாநிரலைச் சிறுவர்களுக்கென மாற்றிய 10 கேள்வி வடிவம், தமிழில் முறையாகச் சரிபார்க்கப்பட்டது, யாரிடமாவது இருக்கிறதா? ஒரு பாடவேளைக்குள் முடியும் பயிற்சிகளை நடத்திப் பார்த்த ஆசிரியர்கள், ஆலோசகர்கள் இருந்தால் விவரமாக எழுதுங்கள். பிள்ளைகள் வாய்திறக்க மறுத்தபோது என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.