இன்ஜின் வேலை பார்த்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: சூடானதும் ரேஸ் இறங்க மாட்டேங்குது

கேள்வி:
1994 மாடல், பட்டன் டயர் போட்டு மண் டிராக்ல ஓட்டற வண்டி. போன மாசம் சிலிண்டரை போர் பண்ணி (கடைஞ்சு), புது பிஸ்டன், ரிங், கிராங்க் வேலையும் ஆச்சு. காலைல ஒரே கிக். பத்து நிமிஷம் ஓடினா ஆக்சிலேட்டரை விட்டாலும் கத்திக்கிட்டே நிக்குது. பிளக் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மெக்கானிக் சொல்லி கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டைப் பெருசாக்கியும் மாறல.

பதில்:
ஜெட்டை விடுங்க தம்பி, எங்கியோ லீக் வழியா கூடுதலா காத்து இழுக்குது, அதுக்கேத்த பெட்ரோல் பத்தல. முதல்ல ஓட்டறதை நிறுத்துங்க, புது பிஸ்டன் சூட்டுல சீஸ் ஆயிரும் (இறுகி நின்னுரும்). ஐடிலிங்ல விட்டு கார்புரேட்டர் ரப்பரைச் சுத்தி சோப்புத் தண்ணி அடிங்க. சத்தம் மாறினா லீக் அங்கதான். மாறலேன்னா கிராங்கோட மேக்னெட் பக்க ஆயில் சீல் (லீக்கை அடைக்கிற ரப்பர் வளையம்). கிளட்ச் பக்க சீல்னா கியர் ஆயில் குறைஞ்சு புகை தள்ளும்.

கேட்டவர்:
புகை இல்லண்ணே. மேக்னெட்டைக் கழட்டினேன். சீல் உதடு ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கு, சுத்தி பெட்ரோல் ஈரம்.

இன்னொருத்தர்:
புது சீல் போடறப்ப உதடு கிழியாம இருக்க, கிராங்க்ல சாவி வெட்டு (மேக்னெட் சாவி உக்கார்ற பள்ளம்) மேல டேப் சுத்தி, கிரீஸ் தடவி ஏத்துங்க. சீலோட ஸ்பிரிங் இன்ஜின் உள்பக்கம் பார்க்கணும்.

கேட்டவர்:
மாத்தியாச்சு, அடங்கிருச்சு. பழைய ஜெட்டையே திரும்பப் போட்டுட்டேன்.