மலம்புழா யட்சியும் என் மாமியாரும்

எங்களுக்குப் பொள்ளாச்சி. சின்ன வயதில் டூர் என்றாலே கேரளாவில் பாலக்காடு பக்கமிருக்கிற மலம்புழா அணைதான். ஆறாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூட்டிப் போனார்கள். பூங்காவில் யட்சி, அதாவது கேரளக் கதைகளில் வரும் மோகினியின் சிலை கண்ணில் பட்டதும் டீச்சர், "எல்லாரும் குனிஞ்சுட்டே நடங்க" என்றார். அன்று நான் பார்த்தது அவளுடைய கால்விரல்களை மட்டும்தான். சிமென்டில் கருப்பாகப் பாசி படிந்திருந்தது.

கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த சிலை அது. 30 அடி உயரம். உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், காலை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையும் கூந்தலில் இருக்க, முகத்தை வானத்துக்குத் தூக்கியிருப்பாள். அப்போதே பெரிய எதிர்ப்பு. சிற்பி நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்; அணையும் 1955-ல், பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தபோது கட்டி முடித்ததுதான்.

போன வருடம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர். முகம் சுளிப்பாரோ என்று பயந்து, வேறு பக்கமாகப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. நின்று நிதானமாகப் பார்த்தார். "காட்டுல இருக்கறவ கண்ணு, அவளுக்கெதுக்குச் சேலை?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் நாலு பையன்கள் வந்தார்கள். சிலையின் கால்களுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவர்கள் சொல்லிச் சிரித்ததை இங்கே எழுத முடியாது. அத்தை சட்டென்று என் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றார். ஊர் வந்து சேரும்வரை பேசவே இல்லை.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அந்தச் சிலை சங்கடம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களைக் குனியச் சொன்ன டீச்சர், யட்சி யார் என்று ஒரு கதை சொல்லியிருக்கலாம். எங்களோடு குனிந்து நடந்த பையன்களும் அதைக் கேட்டிருப்பார்கள்.

*

அக்கா, உங்கள் யட்சி பதிவைப் படித்தேன். நான் சில வருடம் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தேன். அங்கே சங்குமுகம் கடற்கரையில் கானாயி செய்த சாகரகன்யகா என்ற கடல்கன்னி சிலை மல்லாந்து படுத்திருப்பாள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறிப்பார்கள். யாரும் முகத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை. 2020-ல் அவள் பக்கத்தில் பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிற்பத்தின் அழகே போயிற்று என்று கானாயி வருந்திப் பேசினார். எனக்கும் அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.