பழைய ஸ்டைல் டாட்டூ டிசைன் எல்லாம் ஏன் ஒரே கை வரைஞ்ச மாதிரி இருக்கு?

ஊசிமுனை:
வணக்கம். ஸ்வாலோ பறவை, நங்கூரம், கத்தி சொருகுன ரோஜா, ரிப்பன் சுத்துன இதயம், இந்த மாதிரி அமெரிக்க பழைய டாட்டூ டிசைன் டீ-ஷர்ட், பாட்டில் லேபிள்னு எங்க பார்த்தாலும் இருக்கு. தடிமனா கருப்பு கோடு, சிவப்பு பச்சை மஞ்சள்னு எண்ணி நாலு கலர். ஏன் இப்படி? கையில ஸ்வாலோ குத்திக்கலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி கதை தெரியணும்.

மைக்கோடு:
தொழில் அப்படி ப்ரோ. 1891ல நியூயார்க்ல சாமுவேல் ஓரெய்லி எலக்ட்ரிக் டாட்டூ மெஷினுக்கு பேட்டன்ட் வாங்குனாரு, அதுக்கப்புறம் வேலை வேகமாச்சு. துறைமுகத்துல கப்பல் நின்னா மாலுமிங்க கூட்டமா வருவாங்க, ஒவ்வொருத்தருக்கும் புதுசா வரைய ஏது நேரம், அதனால செவுரு பூரா ஃப்ளாஷ் ஷீட், அதாவது ரெடியா டிசைன் வரைஞ்ச தாள், ஒட்டி வச்சிருப்பாங்க, வந்தவங்க விரல் காட்டுனா போதும். ஸ்டென்சில், அதாவது டிசைன தோல்ல பதிக்கிற அச்சு, பண்றத கேளுங்க: அசிடேட்ங்கிற பிளாஸ்டிக் ஷீட்ல கோட்ட கீறி, அந்தப் பள்ளத்துல கரித்தூள் தேய்ச்சு, ஷேவ் பண்ணி வாசலின் தடவுன தோல் மேல அமுக்கி எடுத்தா கரி தோல்ல ஒட்டிக்கும். குத்திக்கிட்டே ரத்தத்தையும் மையையும் துடைக்கும்போது அந்தக் கரியும் கொஞ்சம் கொஞ்சமா அழியும், பொடி டீட்டெயில் எல்லாம் அதுல தாங்கவே தாங்காது, அதான் தடிமனான கோடு. அதோட ஒருத்தர் ஷீட்ட இன்னொருத்தர் காப்பி அடிச்சு அடிச்சு ஊர் ஊரா ஒரே டிசைன் பரவிடுச்சு.

நீலமை:
சூப்பரா சொன்னீங்க. செய்லர் ஜெர்ரிங்கிற டாட்டூ கலைஞர் பேர சேர்த்துக்கோங்க, நிஜப் பேரு நார்மன் காலின்ஸ், 1911ல பொறந்து 1973ல இறந்தவரு, ஹவாய்ல ஹோனலூலு ஹோட்டல் ஸ்ட்ரீட் ஏரியால கடை. ஜப்பான் டாட்டூ மாஸ்டர்ங்களோட லெட்டர் போட்டு அவங்க ஷேடிங்க கத்துக்கிட்டாரு. அவர்கிட்ட நெருங்கிப் பழகுன டான் எட் ஹார்டி ஜப்பானுக்கே போய் கத்துக்கிட்டு வந்தவரு, பிரிண்ட்மேக்கிங் படிச்ச கலைஞர். ஆனா 2000களுக்கு அப்புறம் அவர் பேரச் சொன்னா ஜனங்களுக்கு அந்தப் பேர்ல வித்த மினுமினுக்குற டீ-ஷர்ட்தான் ஞாபகம் வருது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

ரோஜாமுள்:
வருத்தம் புரியுது, ஆனா டீ-ஷர்ட்டால டிசைன் கெட்டுப்போச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். வெகுஜன கலாச்சாரத்துக்குள்ள இது எப்பவோ வந்தாச்சு. பாப்பாய்ங்கிற கார்ட்டூன் மாலுமி 1929லயே காமிக்ஸ்ல வந்துட்டான், அவன் முன்கையில நங்கூரம் இல்லாம அவன நினைச்சுப் பார்க்க முடியுமா? 1944ல நார்மன் ராக்வெல்ங்கிற அமெரிக்க ஓவியர் ஒரு பத்திரிகை அட்டைக்கு வரைஞ்ச படத்துல ஒரு மாலுமி கையில பச்சை குத்துன பொண்ணுங்க பேரு வரிசையா கோடு போட்டு அடிச்சு வச்சிருக்கும், அதுக்குக் கீழ புதுப் பேரு குத்திட்டு இருப்பாங்க, பின்னாடி முழுக்க ஃப்ளாஷ். இன்னொரு பக்கம் நியூயார்க் நகரத்துல ஹெபடைடிஸ்ங்கிற கல்லீரல் நோய் பயத்தால 1961லருந்து 1997 வரைக்கும் டாட்டூ தொழிலுக்கே தடை. சட்டம் கதவ சாத்துன காலத்துலயும் படம் ஜனங்க கண்ணுல நின்னுச்சுன்னா அதுக்கு கார்ட்டூனும் அட்டைப்படமும் பெரிய காரணம்.

ஊசிமுனை:
எல்லாருக்கும் நன்றி. ஸ்வாலோவ மணிக்கட்டுல குட்டியா போடலாமா?

மைக்கோடு:
ரொம்ப குட்டி வேணாம் ப்ரோ. வருஷம் ஆக ஆக மை தோலுக்குள்ள பரவும், நெருக்கமா இருக்குற கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும், ரெட்டை வால் ஒத்தை வாலாயிடும். இறக்கைக்கு நடுவுல தோல் தெரியுற மாதிரி இடம் விட்டு, உள்ளங்கை அளவுக்காவது போடுங்க. மணிக்கட்டுல இடம் பத்தலன்னா முன்கைக்கு ஏத்துங்க.