அரசு ஊழியருக்குக் குறைந்த கட்டணத்தில் கணினிப் பயிற்சி: உங்கள் அனுபவம்?

சம்பளப்பட்டியல்
மூன்று மாத மாலை வகுப்பு, கட்டணம் குறைவு, சேர்ந்தேன். சான்றிதழ் வந்தது, பணிப்பதிவேட்டிலும் ஏற்றியாயிற்று. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு இன்னும் உறுத்துவது வேறு.

ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்களை எக்செல்லில் அடித்துக்கொண்டிருந்தேன். 16 இலக்கம். என்டர் தட்டியதும் புள்ளி வைத்த ஏதோ ஒன்றாகச் சுருங்கிப்போனது. நம்பர் என்று மாற்றினேன், முழுசாக வந்தது. ஆனால் கடைசியில் 7 இருந்த இடத்தில் 0. விரல் தவறிவிட்டது போல என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் 0. சரி, திரையில்தான் அப்படித் தெரிகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டியலை அனுப்பிவிட்டேன்.

எக்செல் எண்ணாக 15 இலக்கம்தான் பிடித்து வைக்கும், அதற்கு மேல் எல்லாம் பூஜ்யம் என்று எனக்குச் சொன்னது, புதிதாக வந்த தற்காலிக ஊழியர். வகுப்பில் வேர்ட்ஆர்ட் என்கிற அலங்கார எழுத்துக்கு மட்டும் ஒரு வாரம் போனது.

ஓய்வுக்கு நாலு வருஷம்
வகுப்பைக் குறை சொல்லாதீர்கள். உங்களுக்கு எக்செல் வரை போக முடிந்ததே! என்னைச் சுற்றி எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். டபுள் கிளிக் என்றார் ஆசிரியர். என் இரண்டு கிளிக்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, கோப்பு திறக்காமல் பெயர் மாற்றும் கட்டம் வந்து நின்றது. அதை மூடத் தெரியாமல் ஏதோ தட்ட, கோப்பின் பெயரே 'க்க்க்' என்று ஆகிவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த மவுஸை வாங்கி அவரே செய்துவிட்டார். கட்டிய பணம் போனால் போகட்டும் என்று மறுநாளிலிருந்து போகவில்லை.

கோப்புப்பிரிவு
நானும் ஒரு வகுப்பில் ஏமாந்தவன்தான், ஒரு கணினிக்கு மூன்று பேர். அதை விடுங்கள். பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: என் அலுவலக வேலையை மாதிரியாக வைத்துச் சொல்லித் தருவீர்களா? மாதிரிக் கோப்பில் உண்மையான பெயரும் எண்ணும் வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பழக எம்எஸ் ஆபிஸ் வாங்கத் தேவையில்லை, லிப்ரே ஆபிஸ் இலவசம். முதலில் மெயில் மெர்ஜ் படியுங்கள், நூறு பேருக்கு ஒரே குறிப்பாணையை ஒவ்வொன்றாக அடிக்கிற கொடுமை தீரும். அப்புறம் விலுக்அப், ஒரு எண்ணையோ பெயரையோ கொடுத்தால் பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம். மேலே எழுதியவருக்கு: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. சிஎஸ்வி கோப்பை, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்துக் கோப்பை, நேரே எக்செல்லில் திறந்தாலும் இதே ஆபத்து, முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். இம்போர்ட் வழியாகக் கொண்டுவந்து, அங்கேயே டெக்ஸ்ட் என்று குறியுங்கள். இரண்டாமவர் மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுக்கு நாலு வருஷம்
வேகத்தைக் குறைக்கலாமா? இதை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

சம்பளப்பட்டியல்
டெக்ஸ்ட் விஷயம் இப்போது தெரியும் சார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த 7-க்கு உரியவர் என் எதிர் மேசை. பணம் திரும்பி வந்து, அவருக்குச் சம்பளம் ஏற ஆறு நாள் ஆனது. இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.