சுவருக்குள் போகும் பிளக்: ‘விரிமுளை’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘பிளக்குக்கு நேர் மேலே பிளக் அடிக்காதே.’

புதிதாக டிரில் மெஷின் வாங்கியிருக்கும் என் தங்கைக்குப் போன வாரம் எழுதிய குறிப்பில் இப்படி ஒரு வரி வந்துவிட்டது. முதல் பிளக், மின்சாரம் எடுக்கிற பெட்டி. இரண்டாவது, சுவரில் துளை போட்டு உள்ளே தட்டி, அதற்குள் திருகாணியை முடுக்குகிறோமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் குழல். பெட்டிக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் சுவருக்குள் ஒயர் இறங்கி வரும். அங்கே துளை போட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட எச்சரிக்கையைப் படித்துவிட்டு அவள் போன் பண்ணி, “எந்தப் பிளக்கைச் சொல்ற அண்ணா?” என்று கேட்டாள். இந்தப் பொருளுக்கு ஒரு தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

சுவருக்குள் போகும் பிளக்கைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை சுவர்ச்செருகி, தக்கை, ஆப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பொருள் சுவருக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது குளியலறையில். அம்மா எங்களோடு தங்க வந்ததும், அவர் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்த நினைத்தேன். இவ்வளவு சின்ன வேலைக்கு ஆள் வரவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். 6 மி.மீ. துளை போட்டு, பிளக்கைத் தட்டி, திருகாணியை முடுக்கியபோது நன்றாகப் பிடித்தது போலத்தான் இருந்தது. அம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் என் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். பிளக், திருகாணி, கொஞ்சம் சிமெண்ட் தூள் எல்லாமாக ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. அவர் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. டைல்ஸ், அதன் அடியில் ஒட்டிய கலவை, அதற்கும் பின்னால் பூச்சு என்று செங்கலுக்கு முன்பே இரண்டு மூன்று செ.மீ. போய்விடுகிறது. என் பிளக் முழுவதும் அந்த அடுக்குகளிலேயே உட்கார்ந்திருந்தது, செங்கலைத் தொடவே இல்லை. மறுபடி செய்தபோது 10 மி.மீ. பிளக்கும் நீளமான திருகாணியும் வாங்கினேன். டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவைத்தேன். செங்கல் வந்ததும் அடியைப் போட்டு, பிளக்கின் நீளத்தைவிட ஒரு செ.மீ. கூடுதலாகத் துளைத்து, தூளை ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் செருகினேன். துளையில் தூள் தங்கினால் பிளக் முழுதாக உள்ளே போகாது, பிடியும் குறையும்.

பிடி என்கிறேனே, அது எங்கிருந்து வருகிறது? வெறும் பிளக்கைச் செருகி இழுத்தால் லேசாகக் கழன்றுவிடும். திருகாணி உள்ளே போகப் போக, பிளக்கின் பிளந்த கால்கள் விலகி, துளையின் சுவரை எல்லாப் பக்கமும் நெருக்குகின்றன. அந்த நெருக்கமும் உராய்வும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே விரிவதுதான் இதன் உயிர்.

இப்போது சொற்களுக்கு வருவோம். தக்கை, வாயை அடைப்பது. பாட்டிலுக்குத் தக்கை போடுகிறோம். துளையை அடைப்பது இந்தப் பொருளின் வேலையே இல்லை. சுவர்ச்செருகி, செருகும் வரைக்கும் சரி. அப்புறம் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. தவிர, ‘செருகி’யைக் கணினிக்காரர்கள் ‘பிளக்-இன்’ என்பதற்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ஆப்பு பற்றி மட்டும் நிறைய யோசித்தேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆப்பு தானே நுழைந்து மற்றொன்றைப் பிளக்கும். இங்கே அந்த வேலையைச் செய்வது திருகாணி. பிளக் என்பது ஆப்பை வாங்கிக்கொள்கிற பொருள். அதற்கே ஆப்பு என்று பெயர் வைத்தால் செயல் தலைகீழாகிவிடும்.

அதனால் நான் முன்வைப்பது: விரிமுளை.

முளை என்றால் அடித்து இறுக்கப்படும் கட்டை. மாட்டைக் கட்ட நிலத்தில் முளை அடிக்கிறோம். கூடாரத்துக் கயிற்றுக்கு முளை அடிக்கிறோம். எங்கள் பாட்டி வீட்டு மண்சுவரில் சட்டை மாட்டும் மரக்குச்சிக்கும், திருகைக் கல்லின் நடுவில் நிற்கும் கட்டைக்கும் முளை என்றுதான் பெயர். பிளாஸ்டிக் வருவதற்கு முன் சுவரில் எதையாவது மாட்டவேண்டும் என்றால் என்ன செய்தார்கள்? உளியால் சுவரைக் கொத்தி, மரக்கட்டையை இறுக்கி, சுற்றிலும் கலவை பூசி, அது காய்ந்தபின் கட்டையில் ஆணி அடித்தார்கள். எங்கள் பழைய வீட்டின் சுவிட்ச் பலகைகள் எல்லாம் அப்படி நின்றவைதான். மரம் வற்றி ஆடத் தொடங்கும், கரையான் அரிக்கும். ஆனாலும் வேலை அதே வேலை. இன்றைய பிளாஸ்டிக் குழல் அந்த மரமுளையின் நேர் வாரிசு.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களில், கல்லைப் பெரிதாகக் கொத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்தும் வழி தேடியபோதுதான் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரைப் பசையால் இறுக்கிய சிறு குழலை உருவாக்கி, 1911-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ‘ராவல் பிளக்’ அவர் பெயரிலிருந்து வந்தது. 1958-இல் ஜெர்மனியின் ஆர்த்துர் ஃபிஷர் இன்று நாம் பார்க்கும் நைலான் வடிவத்தைக் கொண்டுவந்தார். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘டூபெல்’ என்று பெயர். மரமுளையைக் குறித்த பழைய சொல் அது. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ‘ஷெவீ’யும் மரமுளைக்கான சொல்தான். புதுப் பொருள் வந்தபோது அவர்கள் வீட்டில் இருந்த சொல்லையே எடுத்து நீட்டிக்கொண்டார்கள். நம் வீட்டிலும் சொல் இருக்கிறது.

விரிமுளை ஒரு வினைத்தொகை. ஊறுகாய், குடிநீர் போல. கடைப் பொட்டலத்தில் இருக்கும்போது அது விரியும் முளை, திருகாணி ஏறும்போது விரிகின்ற முளை, கம்பியைத் தாங்கி நிற்கும்போது விரிந்த முளை. இலக்கணம் சொல்லும் மூன்று காலமும் ஒரே பொருளில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

*

இரண்டு நாளில் வந்த மறுமொழிகளுக்கு எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

> முளை என்றால் பயறு முளைப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

உண்மைதான் ஐயா. ஆனால் ‘விரி’ முன்னால் நிற்கும்போது, அதுவும் திருகாணி, துளை என்று பேசும் இடத்தில், பயறு குறுக்கே வராது. திருகாணி என்றாலே தோடும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம்.

> இரும்பில் வரும் ஆங்கர் போல்டை ‘விரியாணி’ என்று சொல்லலாமே.

அம்மா, வேலை செய்யும் விதத்தில் அது முழுக்கச் சரி. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள், பிரியாணி என்றே காதில் விழும். கடைப் பையனும் சிரிப்பான், சொல் அங்கேயே செத்துவிடும். ‘இரும்பு விரிமுளை’ என்றே வைத்துக்கொள்ளலாம். இதே வரிசையில், ஹாலோ பிளாக் சுவரின் உட்குழியில் போய் இரண்டு பக்கமும் மடல் விரித்துக்கொள்ளும் வகை ‘சிறகுமுளை’. துளையில் ரசாயனப் பசையை நிரப்பிக் கம்பியைப் பதிக்கும் வகை ‘பசைமுளை’. அது விரியாது, பசையால்தான் நிற்கும், ஆகவே ‘விரி’ அதில் வரக்கூடாது. கூரைத் தளத்தில் பாரமான எதையும் தொங்கவிட சாதாரண விரிமுளையை நம்பவேண்டாம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

> கடையில் போய் விரிமுளை கேட்டால் கொடுப்பாரா?

நாளைக்கே கொடுக்கமாட்டார். கடையில் நானும் பிளக் என்றுதான் கேட்பேன். எனக்கு இந்தச் சொல் முதலில் வேண்டியது எழுதும் இடத்தில்: செய்முறைக் குறிப்பில், பொட்டலத்தின் மேல், தொழிற்பயிற்சிப் பாடத்தில். திருப்புளியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இன்றும் வேலைக்காரர் வாயில் இருக்கின்றன. இத்தனைக்கும் இன்றைய ரசமட்டத்தில் பாதரசம் இல்லை, வேறு திரவமும் ஒரு குமிழியும்தான். எளிதாகச் சொல்ல வந்தால், கைக்கு உதவினால், சொல் நிற்கும்.

வினைச்சொல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: செருகுவதா, பதிப்பதா, அடிப்பதா? தெருவில் ‘பிளக் அடிக்கிறது’ என்கிறார்கள், முளையும் அடிப்பதுதான். அதை மாற்றத் தேவையில்லை. விரிமுளை அடிப்பது, திருகாணி முடுக்குவது.

தங்கைக்கு அனுப்பிய குறிப்பைத் திருத்திவிட்டேன். ‘பிளக் பாயிண்டுக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ விரிமுளை அடிக்காதே.’ இந்த முறை அவள் போன் பண்ணவில்லை. புத்தகத் தட்டு மாட்டிய படத்தை அனுப்பினாள்.

இலங்கை, மலேசிய நண்பர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. உங்கள் ஊர்த் தச்சர்களும் மேசன்மாரும் இதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள்? விக்சனரியில் சேர்ப்பதற்கு முன் அதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.