உமர் (ரலி) தொடரும் எர்துகுருல் தொடரும்: எங்கள் வீட்டு அனுபவம்

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவுப் பெண்களுக்கு பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமை பயான் (மார்க்க உரை) ஒலிபெருக்கி வழியாகக் காதில் விழுவதோடு சரி. அதனால், தமிழ்த் தொலைக்காட்சிகளில் சஹர் நேரத்து (நோன்பு வைக்கும் விடியலுக்கு முந்தைய வேளை) ரமலான் நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியபோது, என் மாமி அவற்றைப் பாடம் கேட்பதைப் போலவே உட்கார்ந்து கேட்பார்கள். பயானுக்கு இருந்த அந்த மரியாதை, பிறகு வந்த தொடர்களுக்கும் கிடைத்துவிட்டது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

2012 ரமலானில் எம்பிசி என்ற அரபு அலைவரிசை, இஸ்லாத்தின் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாழ்வைச் சொல்லும், ஹாதிம் அலி இயக்கிய ‘உமர்’ தொடரை ஒளிபரப்பியது. நபிக்குப் பின் ஆட்சி செய்த கலீஃபாக்களை நடிகர்கள் வழியாகக் காட்டுவதை எகிப்தின் அல்அஸ்ஹர் என்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனம் எதிர்த்தது. ஆனால் யூசுஃப் அல்கர்ளாவி உள்ளிட்ட மார்க்க அறிஞர்கள் சிலர் கதை உருவாக்கத்தில் ஆலோசனை வழங்கியிருந்தார்கள். சவூதியில் வேலை பார்த்த என் கொழுந்தன் அந்தத் தொடரைப் பென்டிரைவில் கொண்டு வந்தார். திரையின் அடியில் ஓடிய ஆங்கில வசன எழுத்துகளை என் மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வர, எல்லோரும் பார்த்தோம். உமர் (ரலி) அவர்களாக நடித்தவர் திரையில் தோன்றும்போதெல்லாம் மாமி முக்காட்டை முகத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு, காதால் மட்டும் கேட்டார்கள். ஏன் என்று மகள் கேட்டதற்கு, “இந்த முகம் மனசுல பதிஞ்சிடுச்சுன்னா, நாளைக்கு அவங்க பேரைக் கேட்டா இந்த ஆளுதாம்மா நெனப்புக்கு வருவாரு” என்றார்கள். அல்அஸ்ஹரின் கவலையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

1976இல் முஸ்தஃபா அக்காத் எடுத்த ‘தி மெசேஜ்’ என்ற நபி வரலாற்றுப் படம் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இல்லை. அவர்களிடம் பேசுபவர்கள் கேமராவைப் பார்த்தே பேசுவார்கள். நபியவர்களின் மருமகன் அலீ (ரலி) அவர்களின் வாள் தெரியும், ஆள் தெரியாது. மாமி முக்காட்டைத் தொடாமல் பார்த்த படம் அது.

ஆனால், 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த ரமலானில், துருக்கித் தொடரான ‘எர்துகுருல்’ வீட்டுக்குள் வந்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துகுருல். அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கு உஸ்மானின் நாணயம் ஒன்று சான்றாக உள்ளது. அதைத் தாண்டி அவரைப் பற்றி உறுதியாகத் தெரிவது மிகக் குறைவு. ஐந்து பருவங்கள் ஓடிய தொடரின் பெரும்பகுதி, ஆகவே, எழுத்தாளர்களின் கற்பனையே. ஸூஃபி ஞானி இப்னு அரபி அவர்கள் அதில் எர்துகுருலுக்கு வழிகாட்டியாக வருகிறார். இருவரும் சந்தித்ததற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. என்றாலும் அவர் வாய் திறந்தால் மாமி “சுப்ஹானல்லாஹ்” என்பார்கள். அந்த வசனங்களைப் பிள்ளைகள் இப்னு அரபியின் வாக்கு என்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

எனக்கு வருத்தம் இங்கேதான். உருவத்தைப் பற்றி நம் சமூகத்துக்கு இருக்கும் எச்சரிக்கை, சொல்லைப் பற்றி இல்லாமல் போகிறது. ஒரு ஹதீஸை (நபிமொழியை) ஏற்பதற்கு யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையைத் தேடிய மார்க்கம் இது. ஒரு தொடரின் வசனத்துக்கு அப்படி எந்த வரிசையும் கிடையாது. தொடர்களையே பார்க்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் என் மகள் சீறா (நபி வரலாறு) நூலைக் கையில் எடுத்ததே ‘உமர்’ பார்த்த பிறகுதான்.

பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஆலிமாவிடம் இதைச் சொன்னேன். தொடரில் கேட்ட வசனங்களைப் பிள்ளைகள் எழுதி வந்தால், எது கிதாபில் (மார்க்க நூலில்) உள்ளது, எது இல்லை என்று வியாழக்கிழமை வகுப்பில் பார்த்துவிடலாம் என்றார்கள். அந்த வகுப்பு இப்போதும் நடக்கிறது. மாமியும் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.