மழை அளந்து சொல்ல ஆட்கள் தேவை

வணக்கம் உறவுகளே. நான் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவன். மாரி தொடங்குமுன் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் விடியும்போது எங்கள் விறாந்தையில் முழங்காலளவு தண்ணீர். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றின் மேல்பகுதியில் எவ்வளவு மழை பெய்ததென்று அன்றிரவு எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அது இன்னும் மனதை அரிக்கிறது.

அமெரிக்காவில் 1970களிலிருந்து ஸ்கைவார்ன் என்றொரு திட்டம் நடக்கிறது. கடும் வானிலையைக் கவனித்து அறிவிக்க, அந்நாட்டுத் தேசிய வானிலைச் சேவை சாதாரண ஆட்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. ராடார் இருந்தாலும், தரையில் நடப்பதைக் கண்ணால் கண்டு சொல்ல ஆள் வேண்டும்தானே.

நான் ஒரு மழைமானி வாங்கி, முருங்கை நிழல் படாமல் வெளியான இடத்தில் நட்டிருக்கிறேன். தினமும் காலை 8.30க்கு வாசிக்கிறேன். குழாயின் ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும். நடுவில் பதிந்திருக்கும் மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர்.

சரி, எனக்குத் தேவை இதுதான். ஆற்றின் மேல்பகுதியில், கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் இருக்கும் அண்ணாமார், அக்காமார் நாலைந்து பேர் இப்படி அளந்து சொல்வீர்களா? அப்புறம், வானிலை அவதானிப்பில் வேலை செய்தவர்கள் இருந்தால், காற்றின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட எங்களுக்கு ஒருநாள் சொல்லித் தாருங்கள். வெள்ளம் பார்க்க ஆற்றங்கரைக்கு மட்டும் யாரும் போகவேண்டாம். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

விருப்பமானவர்கள் ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள்.